தூக்கிய ஜீப்பும் நீளாத ஷாக்கும்

தாரோ ஜிம்னியோ வாங்கியவர்கள் டயரை மாற்றிய கையோடு அடுத்துக் கைவைப்பது உயரத்தில்தான். இரண்டு இஞ்ச் லிஃப்ட் கிட் மாட்டியதும் வண்டி கம்பீரமாக நிற்கும். ஷாக் அப்சார்பர் பற்றிய யோசனை அப்புறம்தான் வரும். அதற்குப் பட்டறைக்குப் பட்டறை ஒரு பதில் கிடைக்கும்.

“வண்டியைத் தாங்குவதே ஷாக்தானே?” இல்லை, தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆடும் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளுகிறது. ஆட்டம் சூடாக மாறி வெளியேறுகிறது. கேஸ் ஷாக்கின் அழுத்தம் கொஞ்சம் தள்ளும், ஆனால் வண்டியைத் தூக்கி நிறுத்த அது போதாது. 2020-ல் வந்த தாரில் ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. ஜிம்னியில் இரண்டும் தனித்தனி. ஜிப்ஸியில் இருந்ததோ பட்டை ஸ்பிரிங்.

“கம்பெனி ஷாக்கே போதும், நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.” அதிகம் காதில் விழுவது இதுதான். ஜிம்னியில் ஸ்பிரிங்குக்கு 50 மி.மீ. ஸ்பேசர் வைத்ததாகக் கொள்வோம். வண்டி சமதளத்தில் சும்மா நிற்கும்போதே ஷாக் ஏறக்குறைய அந்த அளவுக்கு நீண்டுவிட்டது. ஷாக்கின் மொத்த நீளமோ பழையதுதான். ஆகவே சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கு மிச்சமிருந்த தூரத்தில் 50 மி.மீ. காணாமல் போயிற்று. வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது கேட்கும் ‘டொக்’, பிஸ்டன் தன் மேல் எல்லையில் போய் முட்டும் சத்தம். தொங்கும் ஆக்சிலின் பாரத்தை இப்போது ஷாக்கின் தண்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. சீல் கசியும், போல்ட் முறியும். இதில் வேடிக்கை என்னவென்றால், பாறைமேட்டில் சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் அந்தரத்தில் தொங்கிவிடும். பார்வைக்கு உயர்ந்த வண்டி காட்டுப்பாதையில் பழைய வண்டியைவிட மட்டம். 2010-ல் வந்த தாரில் டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தைத் தூக்குவார்கள். அங்கும் இதே கணக்குதான்.

“அப்படியானால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது.” என்னைக் கேட்டால், குட்டை ஷாக்கைவிட இது ஆபத்து. ஷாக்குக்கு நீளம் இரண்டு: முழுக்க நீண்டது, முழுக்க அமுங்கியது. தண்டு அதிகம் நீள வேண்டுமானால் அதை உள்ளே வாங்கும் குழாயும் நீளமாகத்தான் இருக்க வேண்டும். எனவே நீளமான ஷாக் பழைய ஷாக் அளவுக்கு அமுங்காது. ஆக்சில் மேலே வரும்போது முதலில் மோத வேண்டியது பம்ப் ஸ்டாப்பர் ரப்பர். அதற்குமுன் ஷாக் அடிதட்டினால் இடி முழுவதும் மவுண்டில் இறங்கி, வெல்டிங்கோடு பிய்த்துக்கொண்டு வரும்.

இதற்கு அளவெடுப்பதைத் தவிர வழியில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ரப்பர் நன்றாக அமுங்கும்வரை ஆக்சிலை ஜாக்கியால் ஏற்றி, மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் உள்ள தூரத்தைக் குறிக்க வேண்டும். ஷாக்கின் அமுங்கிய நீளம் அதைவிட அரை இஞ்சாவது குறைவாக இருப்பது நல்லது. குறையவில்லையென்றால் ரப்பரைக் கீழே இறக்கி வைக்கலாம். பிறகு ஆக்சிலை இறக்கிக்கொண்டே வந்து, பிரேக் ஹோஸ் இழுபடுவதற்குமுன் நிறுத்தி அளக்க வேண்டும். ஷாக் நீளும் நீளம் அதை மிஞ்சக்கூடாது. ஒரு சக்கரத்தை ஏற்றி, மற்றதை இறக்கியும் பார்த்துவிட வேண்டும்.

“இரண்டு இஞ்ச் லிஃப்டுக்கு இரண்டு இஞ்ச் கூடுதல் ஷாக்.” ஷாக் செங்குத்தாக நின்றால்தான் இந்தக் கணக்கு சரி. 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஆக்சில் 50 மி.மீ. நகரும்போது ஷாக் ஏறக்குறைய 43 மி.மீ.தான் நகரும். புதிய தாரின் முன்பக்கத்தில் இருப்பதுபோல விஷ்போன் கையில் ஷாக் பிடித்திருந்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். அங்கே சக்கரம் எவ்வளவு இறங்கலாம் என்பதற்குப் பால் ஜாயின்டும் டிரைவ் ஷாஃப்டும் எல்லை வைக்கின்றன. நீள ஷாக் போட்டால் அடிவாங்குவது அவைதான்.

பாடி லிஃப்டுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. சேசிஸுக்கு மேல் கூடு மட்டும்தான் உயர்கிறது. ஷாக்குக்கு அது தெரியவே தெரியாது.

“ஹார்டு ஷாக் போட்டால் எல்லாம் சரியாகும்.” ஸ்டீல் பம்பரும் வின்ச்சும் ஏறி, அதற்கேற்பக் கடினமான ஸ்பிரிங்கும் மாட்டிய வண்டிக்கு அடக்கும் சக்தி கூடுதலாக வேண்டும் என்பது உண்மை. வெறும் வண்டிக்கு அதையே மாட்டினால், வரிவரியாகக் குலுக்கும் மண்சாலையில் ஒரு மேட்டுக்கு அமுங்கிய ஸ்பிரிங் நீண்டு முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகும். திருகிச் சரிசெய்யும் குமிழ் உள்ள ஷாக் இதில் உதவும். ஆனால் அந்தக் குமிழ் கடினத்தைத்தான் மாற்றும். நீளத்தில் ஒரு மி.மீ.கூட மாறாது.