'டிராவலர்' விளையாட்டும் வெளியார் எழுதிய துணை நூல்களும்



விளையாட்டு என்றால் நமக்கு கேரம், கபடி, கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். ஒரு மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பேசிப் பேசியே விளையாடுகிற விளையாட்டு ஒன்று உண்டு என்றால், "அதுக்குப் பேர் அரட்டைப்பா" என்று சிரிப்பீர்கள். ஆனால் அந்த அரட்டைக்குப் பின்னால் ஹெக்ஸாடெசிமல் எண், கன அளவு, நிகழ்தகவு, வரைபடம் எல்லாம் இருக்கிறது. நாம் மூன்று வருஷம் படிக்கிற பாடங்கள்தான்! இதைச் சொல்லத்தான் இக்கட்டுரை. அந்த விளையாட்டின் ஒரு மூலையில் மறந்துபோன சில சிறு புத்தகங்களைப் பற்றியும், அவை நமக்குச் சொல்லித்தரும் ஒரு விஷயத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

டிராவலர் என்பது என்ன?

1977-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், நார்மல் என்ற ஊரில் இருந்த 'கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப்' என்ற சிறு நிறுவனம் 'டிராவலர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் மார்க் மில்லர். ஒரு பெட்டிக்குள் கறுப்பு அட்டை போட்ட மூன்று சின்னப் புத்தகங்கள், அவ்வளவுதான். ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, விண்கப்பலில் ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்வார்கள், சண்டை போடுவார்கள், மாட்டிக்கொள்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டிப் பார்ப்பார்கள்.

விண்வெளி பெரிசு. அதை எப்படித் தாளில் அடக்குவது? அறுகோணக் கட்டம் போட்டார்கள். ஒரு கட்டம் ஒரு பார்செக், அதாவது சுமார் 3.26 ஒளியாண்டு. அகலம் 8, உயரம் 10 கட்டம் கொண்டது ஒரு சப்-செக்டர். பதினாறு சப்-செக்டர் சேர்ந்தால் ஒரு செக்டர். கணக்குப் போட்டால் 32 பெருக்கல் 40, மொத்தம் 1280 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பகடை. 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அங்கே ஓர் உலகம் உண்டு. சரிபாதி வாய்ப்பு என்பதால் ஒரு செக்டரில் சராசரியாக 640 உலகங்கள் வரும்.

எட்டு எழுத்தில் ஓர் உலகம்

இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. ஒவ்வோர் உலகத்தையும் எட்டே எட்டுக் குறிகளில் எழுதிவிடுகிறார்கள். முதலில் விண்துறைமுகத்தின் தரம். ஏ என்றால் முதல்தரம், எக்ஸ் என்றால் துறைமுகமே இல்லை. அடுத்து வரிசையாக உலகின் அளவு, காற்றுமண்டலம், நீர்ப்பரப்பு, மக்கள்தொகை, அரசாங்கம், சட்டக் கெடுபிடி. கடைசியில் ஒரு கோடு போட்டுத் தொழில்நுட்ப நிலை. 9-க்கு மேல் போனால் ஏ, பி, சி என்று ஹெக்ஸாடெசிமல்தான்.

நம்ம பூமியை இப்படி எழுதிப் பார்ப்போம். அளவு 8 (விட்டம் சுமார் 8000 மைல்). காற்று 6 (சாதாரணமாக மூச்சுவிடலாம்). நீர் 7 (பரப்பில் 70 சதவீதம்). மக்கள்தொகை 9. இந்த 9 என்பது 10-ன் அடுக்கு. அதாவது 10-ன் 9-ஆம் அடுக்கு, நூறு கோடிக் கணக்கில் ஜனம். அரசாங்கம் 7 என்றால் உலகம் முழுவதற்கும் ஒரே ஆட்சி இல்லை, பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது என்று அர்த்தம். ஆக 86797! ஐந்து எழுத்தில் பூமியின் ஜாதகமே வந்துவிட்டது பாருங்கள்.

வெளியார் வந்த கதை

640 உலகம் ஒரு செக்டருக்கு. செக்டர்களோ பல. எல்லாவற்றையும் ஒரு சிறு நிறுவனம் எப்போது எழுதி முடிப்பது? ஆகவே மற்றவர்களுக்கும் உரிமம் கொடுத்தார்கள். "இந்தப் பகுதி உங்களுக்கு, அந்தப் பகுதி அவர்களுக்கு" என்று வரைபடத்தில் இடம் ஒதுக்கினார்கள். புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கொடுத்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லினாயிலேயே டிகேட்டர் ஊரில் இருந்த 'ஜட்ஜஸ் கில்ட்' நிறுவனம் லே செக்டர், கிளிம்மர்டிரிஃப்ட் ரீச்சஸ், குரூசிஸ் மார்ஜின், மரனாந்தா-அல்கஹெஸ்ட் என்று நாலு செக்டர்களை 1980, 1981-ல் வெளியிட்டது. 'பாரனோயா பிரஸ்' 1981-ல் வேங்கார்ட் ரீச்சஸ், தி பியாண்ட் என்ற இரண்டைக் கொடுத்தது. 'குரூப் ஒன்' என்ற இன்னும் சிறிய நிறுவனம் தீட்டா பொரியாலிஸ் பக்கம் போனது. அதன் பெயரை டிராவலர் ஆடுகிறவர்களிலேயே பலர் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜோர்டன் வைஸ்மன், ராஸ் பேப்காக் என்ற இருவர் 1980-ல் தொடங்கிய 'ஃபாசா' நிறுவனமும் இப்படித்தான் ஆரம்பித்தது. டிராவலருக்கு கப்பல் தளப்படங்களும் சாகசக் கதைகளும் போட்டுக் கைப்பழகிய பிறகு, 1984-ல் 'பேட்டில்டெக்', 1989-ல் 'ஷேடோரன்' என்று சொந்தமாகப் பெரிய விளையாட்டுகளைக் கொண்டுவந்தது. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் தொழில் கற்று, பிறகு சொந்த வீடு கட்டியவர்கள்!

இவர்களில் நான் மிகவும் மதிப்பது கீத் சகோதரர்களை. ஜே. ஆண்ட்ரூ கீத், வில்லியம் எச். கீத் இருவரும் ஃபாசாவுக்காக எழுதிய 'ஸ்கை ரெய்டர்ஸ்' மூன்று பாகங்கள் (1981, 1982) இன்றும் பேசப்படுகின்றன. 'கேம்லார்ட்ஸ்' நிறுவனத்துக்காக மலை, கடலடி, பாலைவனம் என்று ஒவ்வொரு சூழலுக்கும் தனித்தனிப் புத்தகம் வந்தது (1983, 1984). மலை ஏறும்போது என்ன ஆகும், தண்ணீருக்கடியில் அழுத்தம் என்ன செய்யும் என்பதற்கெல்லாம் விதி எழுதினார்கள். விளையாட்டுப் புத்தகம்தான், ஆனால் உழைப்பு விளையாட்டு இல்லை.

பகடை செய்யும் குளறுபடி

எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். குறையும் உண்டு. அதன் காரணத்தைப் படிப்பதுதான் சுவாரஸ்யம்.

மக்கள்தொகைக்கு இரண்டு பகடை உருட்டி 2 கழிக்க வேண்டும். 0 முதல் 10 வரை வரும். ஆனால் அடிப்படை விதியில் இந்தக் கணக்குக்கும் காற்றுமண்டலத்துக்கும் சம்பந்தமே இல்லை. விளைவு? காற்றே இல்லாத ஒரு கல்லுருண்டையில் ஆயிரம் கோடி ஜனம்! பக்கத்திலேயே அருமையான காற்று, தண்ணீர் உள்ள உலகத்தில் ஆளே கிடையாது.

சோம்பேறி எழுத்தாளர் இதை அப்படியே அட்டவணையில் அச்சடித்துவிடுவார். நல்ல எழுத்தாளர் நின்று யோசிப்பார். ஏன் இத்தனை பேர் இங்கே வந்தார்கள்? கனிமம் கிடைக்கிறதா? நிலத்தடியில் நகரமா? யாராவது விரட்டி வந்தார்களா? இந்தக் கேள்விக்கு எழுதும் பதில்தான் கதை. எண் தப்பாகத் தோன்றினால் அழித்துவிடாமல், அதற்குக் காரணம் தேடுவது. லேபில் ரீடிங் வரைகோட்டை விட்டு விலகி நின்றால் நமக்கும் இதே புத்திதான் வேண்டும்.

1985-ல் 'டிராவலர்ஸ் டைஜஸ்ட்' பத்திரிகையோடு தொடங்கிய 'டைஜஸ்ட் குரூப்' இந்த வேலையை முறையாகவே செய்தது. உலகங்களை விவரமாக அமைக்க 1986-ல் 'கிராண்ட் சர்வே', 1989-ல் 'வேர்ல்ட் பில்டர்ஸ் ஹேண்ட்புக்' கொண்டுவந்தார்கள். அவர்கள் வேலையைப் பார்த்து, 1987-ல் வந்த 'மெகாடிராவலர்' என்ற அடுத்த பதிப்பின் வடிவமைப்பையே தாய் நிறுவனம் அவர்களிடம் ஒப்படைத்தது. வெளியாராக வந்தவர்கள் வீட்டுக்காரருக்கே பிளான் போட்டுக் கொடுத்தார்கள்!

கப்பல் கணக்கு

மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒன்று. டிராவலரில் கப்பலின் 'டன்' என்பது எடை அல்ல, கன அளவு. ஒரு டன் திரவ ஹைட்ரஜன் எவ்வளவு இடம் அடைக்குமோ அது. திரவ ஹைட்ரஜனின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 71 கிலோ. 1000-ஐ 71-ஆல் வகுத்தால் சுமார் 14 கனமீட்டர். தளப்படத்தில் ஒரு சதுரம் 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர், கூரை உயரம் 3 மீட்டர். பெருக்கினால் 6.75 கனமீட்டர். இரண்டு சதுரம் 13.5. ஆகவே இரண்டு சதுரம் ஒரு டன் என்று வைத்துக்கொண்டார்கள்.

இப்போது 100 டன் 'ஸ்கவுட்' கப்பலைப் பாருங்கள். எரிபொருள் 40, ஓட்டுநர் தளம் 20, நான்கு அறைகள் 16, தாவல் இயந்திரம் 10, மின்நிலையம் 4, உந்து இயந்திரம் 1, சிறு பறக்கும் வண்டி 4, கணினி 1, பீரங்கி மேடை 1, சரக்கு 3. கூட்டிப் பாருங்க, சரியாக 100! கப்பலில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் டாங்கிதான். தளப்படம் வரைந்தால் 200 சதுரத்தில் 80 சதுரம் அதற்கே போகும். இந்த அளவுகோல் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால்தான், எங்கோ ஓர் ஊரில் ஒரு நிறுவனம் வரைந்த கப்பல், வேறொரு நிறுவனம் எழுதிய துறைமுகத்தில் இடிக்காமல் வந்து நின்றது. நட்டும் போல்ட்டும் வேறு வேறு கடையில் வாங்கினாலும் மரை பொருந்துகிறதே, அதே தத்துவம்.

பிறகு என்ன ஆயிற்று?

ஜட்ஜஸ் கில்ட் 1980-களின் நடுவிலேயே ஓய்ந்தது. டைஜஸ்ட் குரூப் 1990-களின் முற்பகுதியில் நின்றது. தாய் நிறுவனமே 1996-ல் மூடப்பட்டது. ஃபாசா 2001-ல் கடையைக் கட்டியது. நிறுவனம் போனால் அதன் புத்தகம் என்ன ஆகும்? இதுதான் என்னை யோசிக்க வைத்தது.

இரண்டு விதமாக நடந்தது. டிராவலர் உரிமை மார்க் மில்லரிடம் திரும்பி வந்தது. அவருடைய 'ஃபார் ஃப்யூச்சர் என்டர்பிரைசஸ்' பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து குறுந்தகடுகளாக வெளியிட்டது. வெளியார் எழுதிய துணை நூல்களையும் விடாமல் சேர்த்து, 'அபோக்ரிஃபா' என்று பெயரிட்டுத் தனித் தகடுகளாகப் போட்டார்கள். முறையான வரிசையில் சேராத நூல்கள் என்று பொருள். சேராவிட்டாலும் அழியவில்லை! ஆனால் டைஜஸ்ட் குரூப்பின் உரிமை வேறு கைக்கு மாறியது. தரத்தில் முதலிடம் என்று பலரும் சொல்லும் அந்தப் புத்தகங்களுக்குப் பல ஆண்டுகள் மறுபதிப்பு வரவே இல்லை. சுமாரானது பிழைத்தது, சிறந்தது பூட்டிக் கிடந்தது. காரணம் எழுத்தின் தரம் அல்ல, கையெழுத்துப் போட்ட காகிதம்.

இந்தப் பாடத்தைப் பிற்காலத்தார் புரிந்துகொண்டார்கள். 2008-ல் இங்கிலாந்தின் 'மங்கூஸ்' நிறுவனம் டிராவலரைப் புதிதாகப் போட்டபோது, அடிப்படை விதிகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. அதை அடியாக வைத்து 2016-ல் 'செஃபியஸ் என்ஜின்' என்ற தனி விதிநூல் வந்தது. இனி எந்த நிறுவனம் மூடினாலும் அந்த விதிகளை யாரும் பூட்ட முடியாது.

நமக்கு என்ன?

நம் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கைகளை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் கண்விழித்துச் செய்கிறோம். பைண்டிங் போட்டுக் கொடுக்கிறோம். வைவா முடிந்ததும் அது பீரோவுக்குள் போய்விடுகிறது. அடுத்த வருஷத்துத் தம்பி அதே வேலையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். நாம் எங்கே நின்றோம், எந்த அளவை ஏன் எடுத்தோம் என்று அவனுக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, அளவுகளையும் குறியீடுகளையும் எல்லோருக்கும் தெரிந்த தரத்தில் வையுங்கள், அப்போதுதான் அடுத்தவன் பாகம் நம் பாகத்தோடு சேரும். இரண்டு, வினோதமான எண் வந்தால் மறைக்காமல், காரணத்தோடு எழுதி வையுங்கள். மூன்று, இந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் எடுத்து மேலே கட்டலாம், செய்தவர் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

நம் மாணவர் மன்றம் வருஷா வருஷம் இந்த அறிக்கைகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்து நூலகத்தில் வைத்தால், பத்து வருஷத்தில் நமக்கென்று ஒரு செக்டரே உருவாகிவிடும். வரப்போகும் மன்றச் செயலாளர் யாராக இருந்தாலும் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். பட்டியல் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் ரெடி!