மூலனின் உடம்பு

திரிங்காப்பில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் திருமுறைப் போட்டிக்குப் பெயர் கேட்டேன். நல்லாப் பாடுற ஒரு தங்கச்சி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "நான் கறுப்புக்கா. மேடையில ஏறினா சிரிப்பாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. படிவம் நான்கில் நானும் இப்படித்தான். பசார் மாலாமில் வெள்ளையாக்கும் கிரீம் ஒன்றை வாங்கிப் பூசினேன். மூன்றாவது வாரம் கன்னம் எரிந்து தோல் உரிந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அம்மா, கறை படிந்த கையால் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். "என் நிறம்தானேடி உனக்கு? இதுல என்ன குறை?" என்றார். அம்மாவின் முகத்தையும் சேர்த்துத்தான் வெறுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தத் தங்கச்சிக்காக அடுத்த வாரம் திருமூலர் வரலாற்றை எடுத்தேன். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வது இது.

அகத்தியரைக் காணக் கயிலையிலிருந்து புறப்பட்டு வந்த ஒரு யோகி, காவிரிக் கரையில் சாத்தனூர் அருகே மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதைக் கண்டார். மாடுகள் அவனைச் சுற்றிக் கதறின. அவற்றின் துயர் தீர, தம் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்பில் புகுந்தார். மாடுகளை ஊர் சேர்த்துவிட்டு வந்து பார்த்தால் தம் உடம்பைக் காணோம்!

யோசித்துப் பாருங்கள். அது வெயிலில் மாடு மேய்த்த உடம்பு. கொஞ்ச நேரத்துக்கென்று எடுத்தது. அவர் புலம்பவில்லை. இறைவன் செயல் என்று உணர்ந்து, திருவாவடுதுறை அரசமரத்தடியில் அமர்ந்து, அந்த உடம்பிலிருந்தே திருமந்திரம் பாடினார். அதுவே பத்தாம் திருமுறை. அவருக்கு நிலைத்த பெயரும் அந்த இடையன் பெயர்தான். முன்பு உடம்பை இழிவென்று நினைத்ததாகவும், உள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணுவதாகவும் மூன்றாம் தந்திரத்தில் அவரே சொல்கிறார்.

ஒரு தம்பி கேட்டான்: "உடம்பு நிலையில்லாதது, பற்று வைக்காதேன்னு தானேக்கா சமயம் சொல்லுது?" நல்ல கேள்வி. அழகில் கர்வம் பற்று என்றால், நிறத்தை நினைத்துக் குமைவதும் பற்றுதான். இரண்டிலும் மனம் கண்ணாடி முன்னாடியே நிற்கிறது. பேணுவது வேறு. நேரத்துக்குச் சாப்பிடுவது, தூங்குவது, உடம்புக்குக் கேடானதைத் தொடாமல் இருப்பது. சில வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படிப்பட்டவற்றின் அனுமதியை நம் சுகாதார அமைச்சு ரத்து செய்து அறிவித்து வருகிறது. 'நோட்' என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத கிரீமை வாங்கவே வாங்காதீர்கள்.

அந்தத் தங்கச்சி இன்னும் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஆனால் போன ஞாயிறு, நான் கேட்காமலே எழுந்து நின்று ஒரு பதிகம் பாடினாள். யாரும் சிரிக்கவில்லை.

கலந்து பேச:
1. உங்கள் உடம்பில் எதை மறைக்கப் பார்க்கிறீர்கள்? அது யாரிடமிருந்து வந்தது?
2. 'சும்மா கிண்டல்' என்று நீங்கள் யாருக்காவது வைத்த பட்டப்பெயர் உண்டா? இந்த வாரம் அவரிடம் என்ன சொல்வீர்கள்?