கணுக்கால் சுளுக்குக்குப் பிறகு: சமையலறையிலிருந்து ஓட்டப் பாதைக்கு

பூங்கா இணைப்புப் பாதையில் ஓடும்போது விளிம்பில் கால் பிசகிவிடுகிறது. அல்லது சைக்கிளிலிருந்து இறங்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்கிவிடுகிறது. கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்குகிறது. இரண்டு மூன்று வாரங்களில் வீக்கம் வடிந்ததும், "சரியாகிவிட்டது" என்று எண்ணிப் பழைய தூரத்தையே மீண்டும் ஓடுகிறீர்கள். அதே கால் மறுபடியும் பிசகுகிறது.

ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மீண்டும் சுளுக்குவது மிகச் சாதாரணம். வீக்கமும் வலியும் முதலில் குறையும். எலும்புகளைப் பிணைத்திருக்கும் தசைநார்கள் வலுப்பெற அதைவிடக் கூடுதலான காலம் தேவை. கால் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் உணர்வும் சுளுக்கில் மந்தமாகிவிடும். பயிற்சி செய்தால்தான் அது திரும்பும்.

வீட்டில் சமைப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஓட்டத்தை நிறுத்திவிடலாம், சமையலை நிறுத்த முடிவதில்லை. கால் ஆறும் விதத்தை நீங்கள் சமைக்கும் முறையும் சாப்பிடும் உணவும் பாதிக்கின்றன. இந்தக் கையேடு இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது.

முதலில், இது சுளுக்குதானா?

அடிபட்டவுடன் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தினால் கடுமையாக வலிக்கிறதா? பாதத்தின் நடுப்பகுதியிலோ, சுண்டுவிரலுக்கு நேர்பின்னால் பாதத்தின் வெளிப்பக்க எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு முறிந்திருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்த்து எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். பாதம் கோணலாகத் தெரிந்தாலோ, விரல்கள் மரத்துக் குளிர்ந்து போயிருந்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

சாதாரணச் சுளுக்கு என்றால், முதல் இரண்டு மூன்று நாள்களுக்குக் காலை உயர்த்தி வையுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒருமுறைக்கு 15 நிமிடம் வைக்கலாம். வலி குறையும். தைலம் தடவி அழுத்தி நீவுவதும் சுடு ஒத்தடமும் இந்த நாள்களில் வேண்டாம். அவை வீக்கத்தைக் கூட்டக்கூடும். நீவிவிட அம்மா அன்போடு வந்தாலும், ஒரு வாரம் கழித்துச் செய்யலாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்காக வாரக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்திருப்பதும் தவறு. வலி அனுமதிக்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள், மெதுவாக நடங்கள்.

சமையலறையில் நிற்பதும் ஒரு சுமைதான்

உடற்பயிற்சித் திட்டம் போடும்போது பலர் விட்டுவிடும் கணக்கு இது. காலையில் பசியாறல், மதியச் சமையல், இரவுச் சமையல், பாத்திரம் கழுவுதல் எல்லாம் சேர்த்தால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கெட்டியான தரையில் நிற்பீர்கள். தீபாவளிக்கு முறுக்கு சுடும் வாரத்தில் ஐந்து மணி நேரம்கூட ஆகலாம். அன்று மாலை 15 நிமிடம்தான் ஓடினேன், ஏன் வீங்கியது என்று கேட்டால், பதில் அடுப்படியில் இருக்கிறது.

ஆகவே நீண்ட நேரம் நின்று சமைத்த நாளை ஓட்டமில்லாத நாளாக வைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்குவது, கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, மாவு பிசைவது ஆகியவற்றை மேசையில் உட்கார்ந்து செய்யுங்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக் காலை அதன்மேல் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது நம் பழக்கம். ஆனால் காயம் ஆறும்வரை, வீட்டுக்குள் மட்டும் அணிய, வழுக்காத அடிப்பகுதியும் குதிகாலைப் பிடிக்கும் வாரும் கொண்ட காலணி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய தரை காயாமல் இருக்கும்போது அடுப்பருகே போகாதீர்கள். கொதிக்கும் சாம்பாரைக் கையில் வைத்திருக்கும்போது கால் தடுமாறினால் சுளுக்கோடு தீக்காயமும் சேரும்.

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கூடுதலாகச் சமைத்து மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்து, 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவான குளிரில் வையுங்கள். சோற்றை இரவு முழுவதும் அடுப்பின்மேல் விட்டுவைப்பது நம் தட்பவெப்பத்துக்கு ஆகாது. மூன்று நாள்களுக்குள் சாப்பிடுங்கள். ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள்.

வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? சோறு வடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வேலைகள்தான். கால் நன்றாக இருக்கும்போது கேட்காத உதவியை இப்போது கேட்டுப் பாருங்கள்.

சமையலறைக்கு ஒரு நல்ல பயனும் உண்டு. அடுப்பு அணைந்திருக்கும்போது, கழுவுதொட்டியின் விளிம்பில் இரு கைகளையும் வைத்து, அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். 10 விநாடியில் தொடங்கி 30 விநாடி வரை கொண்டுவாருங்கள். பிறகு ஒரு கை, பிறகு விரல் நுனி மட்டும், பிறகு கையில்லாமல். கடைசியில் கண்ணை மூடி முயலலாம், ஆனால் கை விளிம்புக்கு அருகிலேயே இருக்கட்டும். அதே இடத்தில் குதிகால்களை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். முதலில் இரு கால்களிலும், வலி இல்லாவிட்டால் ஒரு காலில். மந்தமான அந்தச் சமநிலை உணர்வைத் திரும்பக் கொண்டுவருவது இந்தப் பயிற்சிதான். பல் துலக்கும்போதும் செய்யலாம்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

ஓட முடியாத வாரங்களில் எடை கூடிவிடுமோ என்று பயந்து பலர் சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கிறார்கள். குறைக்கும்போது முதலில் போவது முட்டையும் மீனும். இது காலுக்கு நல்லதல்ல. காயத்தைச் சரிசெய்யவும், பயன்படுத்தாத தசை மெலியாமல் காக்கவும் உடலுக்குப் புரதம் தேவை.

பெரியவர்களுக்கு ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் வேண்டும். 50 வயதைக் கடந்தவர்களுக்கு 1.2 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முறையே 48 கிராமும் 72 கிராமும் ஆகும். காலையில் மூன்று இட்லியும் நீர்த்த சாம்பாரும், மதியம் சோறு, ரசம், கோஸ் பொரியல், இரவில் இரண்டு சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டால் 30 கிராமைத் தாண்டுவதே கடினம். வயிறு நிறைந்திருக்கும், ஆனால் கணக்கு நிறையாது.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. உள்ளங்கை அளவு மீன் அல்லது கோழித் துண்டில் 20 கிராமுக்கு மேல். கெட்டியான தோஃபு 100 கிராமில் 12 கிராம் அளவுக்கும், அதே எடையுள்ள தெம்பேயில் அதைவிடக் கூடுதலாகவும் உண்டு. முக்கால் கோப்பை கெட்டிப் பருப்பில் சுமார் 10 கிராம். ஒரு குவளைப் பாலில் 8 கிராம். சாம்பாரைப் பொறுத்தவரை, பாத்திரத்தின் மேலே நிற்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பருப்பு சாப்பிட்டதாகக் கணக்கு வைக்காதீர்கள். கரண்டியை அடிவரை விட்டு எடுங்கள்.

புரட்டாசியில் அசைவம் தவிர்ப்பவர்கள் தோஃபுவையும் தெம்பேயையும் நம் சமையலுக்குள் கொண்டுவரலாம். தெம்பேயைச் சிறு துண்டுகளாக்கிக் கறிவேப்பிலையும் மிளகும் போட்டு வறுத்தால், பொரியலுக்கு நல்ல துணை. கொண்டைக்கடலைச் சுண்டல் மாலைப் பசிக்கு ஏற்றது.

எனது ஆரோக்கியத் தட்டு முறையை நினைவில் வையுங்கள்: பாதித் தட்டில் காய்கறியும் பழமும், கால் பங்கில் முழுதானியம், கால் பங்கில் புரதம். ஓட்டம் குறைந்திருக்கும் வாரங்களில் குறைக்க வேண்டியவை எண்ணெய், தேங்காய்ப்பால், பொரித்த பலகாரம், இனிப்புப் பானம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. தாளிக்கும்போது புட்டியைச் சாய்க்காமல் கரண்டியால் அளந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

பத்தியம் பற்றி ஒரு சொல்

"பருப்பு வாயு, கத்திரிக்காய் புண்ணைக் கிளறும், தயிர் குளிர்ச்சி" என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. மூன்று நாள் கஞ்சி குடிப்பதால் தீங்கில்லை. மூன்று வாரம் பருப்பும் மீனும் முட்டையும் இல்லாமல் இருந்தால் தசை மெலியும். உங்களுக்கு ஒவ்வாமை இல்லாத உணவு எதையும் சுளுக்குக்காக விலக்க வேண்டியதில்லை. மஞ்சளும் மிளகும் பூண்டும் சமையலில் தாராளமாகச் சேரட்டும், ஆனால் அவை சிகிச்சைக்கு ஈடாகா. ஆட்டுக்கால் சூப் எலும்பைக் கூட்டும் என்பார்கள். சுவையான சூப்தான். ஆயினும் அதில் கால்சியம் மிகக் குறைவு, கொழுப்பு மேலே மிதக்கும். கால்சியத்துக்குப் பாலும், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும், கேழ்வரகும் மேல். 100 கிராம் கேழ்வரகு மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. காய்ந்த நெத்திலியை நன்றாக அலசி உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் முதலில், ஓட்டம் பிறகு

சைக்கிளில் உங்கள் எடையை இருக்கை தாங்குகிறது, பாதம் தரையில் மோதுவதில்லை. அதனால் பெரும்பாலோர் ஓட்டத்துக்கு முன்பே சைக்கிளுக்குத் திரும்பலாம். நிலையான சைக்கிளில் 10 அல்லது 15 நிமிடம், இலகுவான கியரில் தொடங்குங்கள். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே வளைந்திருக்கும்படி இருக்கை உயரத்தை வையுங்கள். இருக்கை தாழ்ந்திருந்தால், கணுக்காலைக் காப்பாற்றப்போய் முழங்கால் வலிக்கத் தொடங்கும். காலணியைப் பூட்டிக்கொள்ளும் மிதிகள் வேண்டாம். அவற்றிலிருந்து விடுபடப் பாதத்தைத் திருக வேண்டும், சுளுக்கிய கால் அதைத்தான் தாங்காது.

வெளியே ஓட்டும்போது சமதளமான பூங்கா இணைப்புப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். அங்கு வேக வரம்பு மணிக்கு 25 கிமீ. சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். நிற்கும்போது நல்ல காலை ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள்.

ஓடத் தொடங்குமுன் நான்கு கேள்விகள். 30 நிமிடம் வேகமாக நடந்தாலும் வலி இல்லையா? அடிபட்ட காலில் 30 விநாடி தடுமாறாமல் நிற்க முடிகிறதா? நல்ல காலில் எத்தனை முறை குதிகாலை உயர்த்த முடிகிறதோ ஏறத்தாழ அத்தனை முறை இந்தக் காலிலும் முடிகிறதா? அந்தக் காலில் மட்டும் 10 முறை துள்ள முடிகிறதா? நான்குக்கும் "ஆம்" என்றால் தொடங்கலாம். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் கழுவுதொட்டிப் பயிற்சியை இன்னொரு வாரம் தொடருங்கள்.

முதல் வாரம், 5 நிமிடம் நடந்த பிறகு 1 நிமிடம் மெதுவோட்டம், 2 நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். அடுத்தடுத்த வாரங்களில் ஓடும் நேரத்தை மெல்லக் கூட்டி நடையைக் குறையுங்கள். நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். புல்தரை மென்மையாகத் தோன்றினாலும் அதன் மேடுபள்ளம் இந்தக் காலுக்கு ஆபத்து. சமமான பாதையே நல்லது.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள். ஓடும்போது 3க்கு மேல் போனால் நிறுத்திவிட்டு நடங்கள். மறுநாள் காலையில் வீக்கமோ விறைப்போ கூடியிருந்தால் நேற்றைய அளவு அதிகம் என்று பொருள், ஒரு படி பின்னால் போங்கள். வலி நிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நிறுத்தச் சொல்லும் குரலை அது அடக்கிவிடும்.

ஓடும் நாளில் எப்போது சாப்பிடுவது?

முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் போகட்டும். அதிகாலையில் ஓடுபவருக்கு ஒரு வாழைப்பழம் போதும். திரும்பிய பின், பசியாறலில் புரதம் இருக்கட்டும்: இரண்டு இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும், விளையாட்டுப் பானம் தேவையில்லை. ஓடிவிட்டோமே என்று இனிப்பு கூடிய தே தாரிக்கும் பரோட்டாவும் சாப்பிட்டால், செலவழித்த கலோரியைவிட அதிகம் திரும்பி வந்துவிடும். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள், உடற்பயிற்சியை மீண்டும் தொடங்குமுன் மருந்தின் அளவையும் சாப்பிடும் நேரத்தையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். சர்க்கரை அளவு திடீரென இறங்கக்கூடும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

ஆறு வாரமாகியும் வலி தொடர்ந்தால், கால் அடிக்கடி மடங்கிக்கொண்டால், குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். தேவைப்பட்டால் அவர் உங்களை பிசியோதெரபி சிகிச்சைக்குப் பரிந்துரைப்பார். போகும்போது காலணியையும் எடுத்துச் செல்லுங்கள், ஓடிய நாள்களையும் சமையலறையில் நின்ற நேரத்தையும் ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலியோ திடீர் மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் 995ஐ அழையுங்கள்.