இரண்டாயிரம் யார் பெயருக்கு வந்தது?

2020 ஏப்ரல் முதல் வாரம் நினைவிருக்கிறதா? ஊரடங்கு போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தர்பூசணி வயலிலேயே அழுகிக் கிடந்தது. பூவைப் பறித்தாலும் வாங்க ஆளில்லை. அந்த நேரத்தில் பலருடைய வங்கிக் கணக்கில் 2,000 ரூபாய் விழுந்தது. ‘கொரோனா பணம் வந்துடுச்சு’ன்னு ஊரே பேசிக்கிட்டது.

அது உண்மையிலேயே கொரோனா பணமா? பிஎம் கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2020 மார்ச் 26 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.7 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே 2,000 ரூபாய் என்பதும் அதில் ஒன்று. எப்படியும் வரவேண்டிய ஏப்ரல்-ஜூலை தவணைதான் முன்கூட்டி வந்தது. அந்த ஆண்டுக்கு 6,000 என்பது 8,000 ஆகவில்லை. கை காய்ந்த நேரத்தில் வந்தது உதவிதான், அதை மறுக்கலை. கணக்கு மட்டும் சரியா இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய விஷயம், அது யாருக்கு வந்தது என்பது. இந்தத் திட்டத்தின் கண்ணுக்கு விவசாயி என்றால் 2019 பிப்ரவரி 1 அன்று நிலப் பதிவேட்டில் பெயர் இருந்தவர். அதற்குப் பிறகு நிலம் வாங்கியவருக்குக் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு மாறியிருந்தால் உண்டு. உழுகிறவர் யார் என்று எங்கேயும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்து, ரசாயன உரம் போடாமல் பாரம்பரிய நெல் நடுகிறவர் ஒருவர் இருக்கிறார். விதை, ஆள்கூலி, ஜீவாமிர்தத்துக்கு மாடு எல்லாம் அவர் செலவு. 2,000 ரூபாய் போனது நகரத்தில் இருக்கிற நிலக்காரர் கணக்குக்கு. ‘பரவாயில்லைங்க, குத்தகையே வாய்ப்பேச்சுதானே, எதைக் காட்டி கேக்குறது?’ என்றார். கணவன் பெயரில் பட்டா இருக்க, காட்டில் பாடுபடும் பெண்களின் கதையும் இதுதான்.

அதே 2020இல் இன்னொரு கூத்தும் நடந்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்களின் பெயர்கள் அதிகாரிகளின் கடவுச்சொல்லை வைத்து இணையதளத்தில் ஏற்றப்பட்டன. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாத பெயர்கள், சுமார் 110 கோடி ரூபாய். சிபிசிஐடி விசாரித்தது, பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள். கணினியில் பெயரை ஏற்றத் தெரிந்த தரகருக்கு வழி இருந்தது. உழுத குத்தகைதாரருக்கு இல்லை.

இப்படித்தான் இருக்கணும்னு விதி ஒன்றும் கிடையாது. ஒடிசாவின் காலியா திட்டத்தில் குத்தகை விவசாயிகளையும் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் சேர்த்தார்கள். மனசிருந்தால் முடியும்.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியது என்ன? பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று கையில் இருந்தும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’னு பத்து வருஷம் ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறைய.

குத்தகைக்காரர்கள் அடங்கலை விடாதீர்கள். என்ன பயிர், யார் சாகுபடி என்று கிராம நிர்வாக அலுவலர் அதில்தான் எழுதுவார். பிஎம் கிசானுக்கு அது உதவாது. ஆனால் பயிர்க் காப்பீட்டுக்கும், வெள்ளம் வறட்சி நிவாரணத்துக்கும் கை கொடுக்கும். நட்டு முடித்ததும் போய்ப் பாருங்கள். அறுவடைக்கு அப்புறம் போனால் வயலில் காட்ட எதுவும் இருக்காது. முடிந்தால் குத்தகையை எழுத்தில் வாங்குங்கள். குத்தகை உரிமையைப் பதிய தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நிலக்காரர் தயங்குவார். பதிந்தால் நிலம் போய்விடும் என்ற பயம் அவருக்கு. அவரோடு உட்கார்ந்து பேசித்தான் ஆகணும், தனியாப் போறதைவிட சங்கத்து ஆட்கள் நாலு பேரோடு போங்க.