கடலோரத்தில் மின்கருவிப் பேழை

வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது பரங்கிப்பேட்டை. 1830-களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை நடத்தியதும் இவ்வூரிலேயாம். எனினும் இரும்புக்குப் பகையாகிய உப்புக்காற்று இங்கு ஓயாது வீசுகின்றது. ஆதலின் ஒலிபெருக்கி முதலிய மின்கருவிகளுக்கு வீட்டுப் பட்டறையில் பேழை செய்யப் புகுவோர் முதற்கண் கருதவேண்டுவது அழகன்று, காற்றையே.

பேழையின் தொழில் மூன்று: ஈரத்தைத் தடுத்தல், வெப்பத்தைப் போக்குதல், தொடுவோரைக் காத்தல். முன்னிரண்டும் தம்முள் மாறுபட்டன. துளையிட்டால் வெப்பம் நீங்கும், உப்பீரமும் உட்புகும். இம்முரணைத் தணிப்பது அலுமினியத் தகடு. அஃது எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே உடையது. வெப்பத்தையோ எஃகினும் நன்கு கடத்துவது. சூடேறும் உறுப்பை, இடையே மைக்காத் தகடு வைத்து, சுவரோடு இறுக்கினால் துளையின்றியே சூடு வெளிப்படும். மூடியின் விளிம்பில் ரப்பர்ப் பட்டை பதிக்க.

தகட்டை வெட்டுமுன் அட்டையில் மாதிரி செய்து பார்த்தல் நலம். பித்தளைத் திருகாணியை ஒழிக்க. அஃது அலுமினியத்தொடு சேர்ந்தவிடத்து உப்புநீர் பட்டால், சிறு மின்கலம் போலாகி அலுமினியம் அரிபடும். துருவேறா எஃகுத் திருகாணியும் நைலான் வளையமுமே ஏற்றவை.

வெளிமின்புலம் உலோகக் கூட்டினுள் நுழையாதென்பதை 1836-இல் பாரடே காட்டினார். ஆயினும் உட்கம்பி நழுவிச் சுவரைத் தொடின், அவ்வுலோகமே உயிர் கவரும். ஆதலின் நிலத்தொடு இணைக்கும் கம்பியை, வண்ணம் சுரண்டிய இடத்தில் இறுகப் பிணைக்க வேண்டும். அப்போது மின்னோட்டம் நிலம் புக, மின்னுருகி எரிந்து தொடர்பு அறும். உப்புக்காற்று அப்பிணைப்பையும் அரிக்குமாதலின், ஆண்டுதோறும் மூடி திறந்து அதனைச் சோதித்தல் கடன். மாணவர்களே, பேழை முடிந்த நாளோடு வேலை முடிவதில்லை.