ரிங்க் இல்லாத ஊரிலிருந்து ஒரு கேரியர்

ஆரணியில் ஐஸ் ரிங்க் கிடையாது. பட்டு நெய்யும் ஊரில் இருந்துகொண்டு பெண்கள் ஐஸ் ஹாக்கியைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும்? இந்தியப் பெண்கள் அணியும் கிட்டத்தட்ட எதுவுமில்லாமல் கிளம்பியதுதான். வீராங்கனைகளில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். குளம் உறைகிற இரண்டு மாதம்தான் அவர்களுக்கு சீசன். 2016-இல் தைபேயில் முதல் சர்வதேசப் போட்டி. 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று ஜெயித்தது முதல் வெற்றி. 2025-இல் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். சம்பளம் தரும் லீக் எதுவும் இல்லாமல் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். எப்படி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது ஸ்போர்ட்ஸில் இறங்கும் பெண்ணுக்கு நேராகவே உதவும். தறி வீட்டிலிருந்து முதல் வேலை தேடிக் கிளம்பும் எல்லோருக்கும் உதவும்.

1. சோறு போடும் தொழில் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். இந்திய அணிக்கு கோல்கீப்பராக ஆடிய நூர் ஜஹான் கலைப்பொருள் பாதுகாப்பு நிபுணர். உறவுக்காரப் பெண்ணோடு சேர்ந்து 'ஷெஸ்ரிக் லடாக்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பழைய சுவரோவியங்களையும் தங்கா எனும் துணி ஓவியங்களையும் சீர்செய்கிறார். அப்படி ஒரு வருமானம் இருந்தால் ஆட்டத்தில் யாருடைய தயவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் ஒரு ஸ்கில் வீட்டிலேயே இருக்கிறது. தார் சுற்றி, பாவு பிணைத்து, ஜரிகையைத் தொட்டதுமே தரம் சொல்லும் கை சாதாரணமானதில்லை. ஆனால் அதைச் சொல்ல ஒரு சான்றிதழ் இல்லாவிட்டால் இன்டர்வியூவில் அதற்கு மதிப்பு இல்லை. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கைத்தறி, டெக்ஸ்டைல் டிப்ளமோ தருகிறது. பத்தாம் வகுப்பு முடிக்கும் பெண்கள் அந்த அட்மிஷன் அறிவிப்பைத் தவறவிடாதீர்கள்.

2. சம்பளக் கணக்கைக் கனவில் போடாதீர்கள். வட அமெரிக்காவின் பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக்கான பிடபிள்யூஎச்எல் 2024 ஜனவரி 1 அன்று தொடங்கியது. முதல் சீசனில் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர். ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அன்று இருந்தவை ஆறே அணிகள். உலகத்தின் தலைசிறந்த வீராங்கனைகள் அந்தச் சில இடங்களுக்கு மோதுகிறார்கள். அதற்கு முன்னால் இருந்த கனடிய லீக் 2019-இல் மூடப்பட்டது. எந்தத் துறையில் இறங்கினாலும் சம்பளத்தோடு இன்னொன்றையும் விசாரியுங்கள்: இந்த கம்பெனி ஐந்து வருடம் கழித்து இருக்குமா?

3. பேரம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். இதைத்தான் நம் பெண்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2017 மார்ச்சில் அமெரிக்கப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி, நியாயமான ஊதியம் தராவிட்டால் உலக சாம்பியன்ஷிப்பில் ஆட மாட்டோம் என்று அறிவித்தது. போட்டி அவர்கள் நாட்டிலேயே, தொடங்க இரண்டே வாரம் பாக்கி. அமெரிக்க ஹாக்கி சங்கம் மாற்று ஆட்களைத் தேடியது. அணியில் இருந்தவர்கள் அதற்கு முன்பே போனை எடுத்துவிட்டார்கள். கல்லூரி வீராங்கனைகள், ஜூனியர்கள் என்று கூப்பிட வாய்ப்பிருந்த ஒவ்வொருவரிடமும் பேசினார்கள். போக ஆள் கிடைக்கவில்லை. போட்டிக்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 28 அன்று, ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் களமிறங்கி, கனடாவை ஓவர்டைமில் 3-2 என்று தோற்கடித்துத் தங்கமும் வாங்கினார்கள்.

கவனியுங்கள்: தங்கள் இடத்துக்கு வேறு ஆள் வர முடியாதபடி செய்துவிட்டுத்தான் அவர்கள் பேச உட்கார்ந்தார்கள். மாஸ்டர் வீவரிடம் அட்வான்ஸ் வாங்கிய வீடுகளுக்கு இதன் மறுபக்கம் நன்றாகத் தெரியும். கடன் நிற்கும்போது கூலி உயர்த்திக் கேட்க வாய் வராது. ஆகவே முதல் வேலையில் சேர்ந்ததும் மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்குங்கள். இன்னொரு ஆஃபர் கையில் வைத்துக்கொண்டு இன்க்ரிமென்ட் கேளுங்கள். சக ஊழியர்களின் சம்பளம் என்ன என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

4. கைநழுவ விட்டபிறகு என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஐஸ் ஹாக்கியில் ஒருவர் தொடர்ந்து ஆடுவது முக்கால் நிமிடம் போலத்தான். பிறகு பெஞ்சுக்குத் திரும்பி அடுத்தவரை அனுப்ப வேண்டும். அந்த முக்கால் நிமிடத்தில் பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) கைநழுவினால், தலையைத் தொங்கப் போடாமல் உடனே தன் கோல் பக்கம் திரும்பி ஓடுகிறவளை கோச் குறித்துக்கொள்வார். இன்டர்வியூவிலும் அப்படியே. ஒரு கேள்விக்குத் தடுமாறினால் பரவாயில்லை. அடுத்த கேள்விக்கு முகம் மாறாமல் பதில் சொல்லுங்கள்.

5. பக்கத்துக் கதவு வழியாக நுழையுங்கள். ஐஸ் இல்லாத ஊர்ப் பெண்ணுக்கு ரோலர் ஸ்கேட்டிங்தான் வழி. ரோலர் ஹாக்கி, இன்லைன் ஹாக்கி இரண்டுக்கும் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. பேலன்ஸ், ஸ்டிக் பழக்கம், வேகத்தில் திரும்புவது எல்லாம் அங்கேயே வந்துவிடும். ஸ்கேட்ஸ் வாங்குமுன் ஒரு கிளப்பில் சேர்ந்து இரவல் ஜோடியில் பழகிப் பாருங்கள். பணத்தைப் பிறகு போடலாம்.

6. பேப்பரைச் சரியாக வையுங்கள். திறமை இருந்தும் பலர் கோட்டை விடுவது இங்கேதான். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசின் ஸ்போர்ட்ஸ் கோட்டா பட்டியலில் ஐஸ் ஹாக்கியும் உண்டு; இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியே வைத்திருக்கிறது. ஆனால் கோப்பையோடு எடுத்த போட்டோவை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மத்திய அரசு வேலைக்கு குறிப்பிட்ட படிவத்தில் சான்று வேண்டும்: சர்வதேசப் போட்டிக்கு படிவம் 1, தேசியப் போட்டிக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிக்கு 3, பள்ளி அளவிலான தேசியப் போட்டிக்கு 4. ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடும் அதிகாரி வேறு. போட்டி முடிந்த கையோடு வாங்குவது சுலபம். சில வருடம் கழித்துப் போனால் சங்கத்தில் நிர்வாகிகள் மாறியிருப்பார்கள், பழைய ரெக்கார்டைத் தேட ஆள் இருக்காது.

பெயரின் இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் மார்க் ஷீட்டில் உள்ளபடியே சான்றிலும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். வீட்டில் படிக்காத பெரியவர்கள் இருந்தால் அவர்களை நம்பி ஒப்படைக்காமல் ஃபைலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் ஒரு கவரில், ஜெராக்ஸ் இன்னொன்றில், ஸ்கேன் போனில். விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். பள்ளியில் ஏதாவது போட்டியில் ஆடிய தங்கையோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே அவளுடைய சான்றிதழ்களை எடுத்துப் பார்த்து, எது குறைகிறது என்று எழுதி வையுங்கள்.