வீட்டிலேயே தயாரிக்கலாம் சீவல் ஐஸ்

கோடை பிறந்துவிட்டால் பள்ளி வாசலிலும் திருவிழாத் தெருவிலும் ஐஸ் வண்டிகள் வந்து நிற்கும். வண்டிக்காரர் கட்டி ஐஸைச் சீவுளியில் தேய்த்து, பூப்போல் விழும் துகளை அள்ளிக் கோப்பையில் குவித்து, சிவப்பும் பச்சையுமாகப் பாகு ஊற்றித் தருவார். குழந்தைகள் அடம் பிடிப்பார்கள், பெற்றோர் மறுப்பார்கள். மறுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதே பண்டத்தை நல்ல நீரையும் நம் தோட்டத்துப் பழத்தையும் கொண்டு வீட்டில் செய்து கொடுக்கலாம். எலுமிச்சை பயிரிடும் குடும்பங்களுக்கு இதில் வேறோர் ஆதாயமும் இருக்கிறது. உழவியல் கற்பிப்பவனுக்கு ஐஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

புளியங்குடி போன்ற எலுமிச்சைச் சந்தைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மழைக் காலத்தில் வரத்து மிகுந்து விலை சரிகிறது. சில நாட்களில் பறிகூலிக்கே கட்டுவதில்லை. கோடையில் அதே பழம் எண்ணி விற்கப்படுகிறது. 2022 ஏப்ரலில் நாடெங்கும் விலை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். எனவே விலை வீழ்ந்த நாளில் பழத்தைச் சாறாக்கிப் பாகில் நிறுத்திவிட்டால், கோடைக்கு அது கைகொடுக்கும்.

ஐஸ் எப்படி இருக்க வேண்டும்?

உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகள் ஐஸில் உயிரோடு தங்கி, அது உருகியதும் வேலையைத் தொடங்கும். மீனுக்கும் சரக்குக்கும் போடுகிற கட்டி ஐஸ் குடிநீரில் செய்யப்படுவதில்லை. மகாராஷ்டிர மாநிலத்தில் 2018 ஆம் ஆண்டு, உண்பதற்கல்லாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று ஆணையிட்டனர். கண்ணால் பார்த்து இனம் காண வேறு வழியில்லை என்பதே காரணம்.

வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருந்தால் நீரை நன்கு கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு, அகன்ற எவர்சில்வர் டப்பாவில் முக்கால் அளவு மட்டும் ஊற்றி உறையவிடவும். நீர் உறையும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். விளிம்பு வரை ஊற்றினால் மூடி பிதுங்கும். கொதித்த நீரில் காற்று குறைவாதலால் கட்டி சற்றுத் தெளிவாக அமையும்.

எடுத்தவுடன் சீவ வேண்டாம். கடுங்குளிரில் இருக்கும் கட்டி நொறுங்கிச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் வெளியே வைத்து, மேற்புறம் பளபளத்ததும் சீவினால் மெல்லிய துகள் கிடைக்கும். இத்துகள்தான் பாகைப் பிடித்து வைக்கும். சில்லாக இருந்தால் பாகு அடியில் போய்த் தேங்கிவிடும். சீவுளி இல்லாதவர்கள் தட்டில் மெல்லிய படலமாக நீர் ஊற்றி, அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கீறிவிட்டாலும் போதும்.

பெட்டி இல்லாத வீடுகளில் கடைக் கட்டி ஐஸை வாங்கி உடைத்து, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு கலந்து வாளியில் நிரப்பவும். அதன் நடுவே கொதித்து ஆறிய நீர் அடங்கிய, இறுக மூடிய தூக்குப் பாத்திரத்தை இறக்கவும். உப்பு சேர்ந்த ஐஸின் வெப்பநிலை பூச்சியத்துக்கு வெகு கீழே போவதால் உள்ளே இருக்கும் நீர் உறையும். மூடியைத் திறக்குமுன் வெளிப்புறத்தைச் சுத்தமான துணியால் துடைப்பது அவசியம். வெளி ஐஸ் ஒரு துளியும் வாய்க்குப் போகக் கூடாது.

எலுமிச்சைப் பாகு

ஏறக்குறைய 2.5 கிலோ நல்ல பழத்தில் ஒரு லிட்டர் சாறு இறங்கும். விதையை நசுக்காமல் பிழிந்து வடிகட்டவும், நசுங்கினால் கசக்கும். ஒரு லிட்டர் நீரில் 2 கிலோ சர்க்கரையைக் கரைத்துக் கொதி வந்ததும் இறக்கி, அழுக்கு நீங்க வடிகட்டி, முழுவதும் ஆறவிடவும். ஆறிய பிறகே சாற்றைச் சேர்க்க வேண்டும். மொத்தம் 4 கிலோ, அதாவது சுமார் 3.2 லிட்டர் பாகு கிடைக்கும்.

மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் கிலோவுக்கு 0.6 கிராம் வீதம் 2.4 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் தேவை. இதைக் கரண்டிக் கணக்கில் போடுவது கூடாது. நுண்ணிய தராசில் நிறுத்து வாங்கி, சிறிது பாகில் கரைத்துக் கலக்கவும். சூடான பாகில் போட்டால் காக்கும் வாயு பறந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இம்மருந்து ஒவ்வாமல் போகலாம். அவ்வீடுகளில் மருந்தில்லாமல் சிறிதளவு செய்து குளிர்பதனப் பெட்டியில் வைத்து விரைவில் தீர்த்துவிடுவதே சரி.

வெந்நீரில் கொதிக்க வைத்து உலர்த்திய கண்ணாடிச் சீசாவில், கழுத்தில் ஓர் அங்குலம் விட்டு நிரப்பி, மூடி, வெயில் படாத இடத்தில் வைத்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்கும்.

திராட்சையும் நன்னாரியும்

நிறமுள்ள பழங்களுக்கு மேற்சொன்ன மருந்து உதவாது. நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். கம்பம் பன்னீர் திராட்சையை மசித்து, கொதிக்க விடாமல் கை பொறுக்காத சூடு வரை காய்ச்சினால் தோலின் நிறம் சாற்றில் இறங்கும். ஒரு லிட்டர் சாற்றுக்கு அரை லிட்டர் நீர், 1.2 கிலோ சர்க்கரை, 25 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்க்கவும். இங்கே சோடியம் பென்சோயேட் கிலோவுக்கு 0.7 கிராம் வீதம், 1.9 கிராம் போதும்.

நன்னாரியில் மணம் வேர்ப்பட்டையில் இருக்கிறது. 100 கிராம் வேரைக் கழுவித் தட்டி, நடுநரம்பை நீக்கி, ஒரு லிட்டர் வெந்நீரில் இரவு முழுவதும் மூடி ஊறவைக்கவும். வேரோடு கொதிக்க வைத்தால் மணம் ஆவியோடு போய்விடும். வடித்த நீரில் 2 கிலோ சர்க்கரையை இளஞ்சூட்டில் கரைக்கவும். இதில் புளிப்பில்லாததால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது நலம். வாங்கும்போது கவனம் தேவை. மாகாளிக் கிழங்குக்கும் இதே வாசனை இருப்பதால் வணிகத்தில் கலப்படம் உண்டு.

சாயப்பொடி வேண்டவே வேண்டாம். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்னும் துணிச் சாயம் இருந்ததால் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் அதன் விற்பனையைத் தடை செய்தது. திராட்சையும் நாவலும் தரும் நிறத்துக்கு மேல் எதற்கு?

பரிமாறுதல்

150 கிராம் சீவிய ஐஸை அழுத்தாமல் குவித்து 40 மில்லி பாகை நடுவில் ஊற்றவும். பாகு தனியே குடிக்கத் திகட்டும். ஆனால் குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும் என்பதால் இந்த அளவு சரியாக இருக்கும். ஊறிய சப்ஜா விதை ஒரு கரண்டி சேர்க்கலாம். ஒரு கோப்பையில் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை சேர்வதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஆகாது.

இக்கணக்கில் 2.5 கிலோ எலுமிச்சையிலிருந்து 80 கோப்பைகள் வரை கிடைக்கும். மகளிர் குழுவாகச் சேர்ந்து பாகை விற்க விரும்புவோர் முதலில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு, சீசா ஒவ்வொன்றிலும் தயாரித்த நாளையும் சேர்த்த மருந்தின் பெயரையும் எழுதி ஒட்ட வேண்டும்.